செக்குக்குப் போன மல்லாட்டை

பாகூர் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். எழுபதுகளில் நான் மருமகளாகப் போன வீட்டில் அது மூட்டை மூட்டையாக விளைந்தது. தின்ன மட்டும் ஒரு கை கிடைக்காது. விதைக்குப் போக மீதியெல்லாம் செக்குக்குப் போய்விடும். எண்ணெய் பிழிந்த புண்ணாக்கு திரும்பி வந்து காளைகளின் தொட்டியில் ஊறும்.

முதல் பிள்ளை வயிற்றில் ஐந்து மாதம். நாற்று நடும்போது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஊருக்கு வந்த நர்சம்மா என் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஒடம்புல சத்தே இல்ல. தெனம் ஒரு கை மல்லாட்டை வேகவெச்சுத் தின்னும்மா" என்றார்.

மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. "புள்ளத்தாச்சிக்கு அது பித்தம்டி" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மறுநாள் காலையில் விதை மூட்டையைப் பிரித்து ஒரு சொம்பு அள்ளி வேகவைத்தேன். ஒளிந்து தின்னவில்லை. காளைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து உரித்துத் தின்றேன்.

"இன்னாடி பண்ற?" என்று மாமியார் ஓடி வந்தார்.

"எண்ணெ எடுத்த சக்கையத் தின்னுட்டே இந்த மாடு நாள் முழுக்க ஏர் இழுக்குது அத்த. எனக்கு முழுக்கொட்டை ஆவாதா?"

அடிக்க வருவார் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. அவர் காளையைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ஆறு பெத்தேன்" என்றார். "எனக்கு யாரும் ஒரு கை குடுக்கலியே."