சித்தப்பா கடையின் பின்கதவு

என் சித்தப்பா வாடிக்கையாளரிடம் சொல்லவே சொல்லாத வார்த்தை 'இல்லை' என்பதுதான். எந்தச் செருப்பு, எந்த சைஸ் கேட்டாலும், "உக்காருங்க, உள்ள இருக்கு, எடுத்துட்டு வரேன்" என்பார். அவர் கடையில் 'உள்ளே' என்று ஓர் அறையே கிடையாது. பின்கதவு மட்டும் உண்டு. அதைத் திறந்தால் ஆள் ஒருக்களித்து நடக்கிற சந்து. சந்தில் நாலு எட்டு வைத்தால் பக்கத்துச் செருப்புக்கடையின் பின்கதவு. அந்தக் கடைக்காரரை ஊரே நெட்டை என்றுதான் கூப்பிடும்.

கடைவீதியைப் பொறுத்தவரை இருவரும் பரம எதிரிகள். "அவன் கடைச் செருப்பு படி இறங்கறதுக்குள்ள வாயைப் பொளந்துடும்" என்பார் சித்தப்பா. "அங்க வாங்கினா கூடவே பசையும் வாங்கிக்கங்க" என்பார் நெட்டை. ஆனால் பின்கதவு வழியாகச் சரக்கு போவதும் வருவதுமாக இருக்கும். பேரம் படியாமல் ஒருவர் முறைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார். அவர் போய் உட்காருவதற்குள், வேண்டாமென்று தள்ளிய அதே ஜோடி சந்து வழியாக அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். நெட்டை அதைத் துடைத்து, தூக்கி வைத்துப் பேசி, அவர் தலையில் கட்டிவிடுவார். சாயங்காலம் இருவரும் சந்தில் நின்று ஒரு டீயை ஆளுக்குப் பாதியாக ஊற்றிக்கொண்டு, வந்தவர்களைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்த வீதி இருந்த இருப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. பள்ளிக்கூடம் திறக்கிற வாரம் கடைக்குள் கால் வைக்க இடமிருக்காது. புதுத் தோல் வாசனையும் அட்டைப்பெட்டி வாசனையும் கலந்து அடிக்கும். சித்தி குழந்தைகளின் பாதத்தை மடியில் வைத்து, கட்டைவிரலுக்கு முன்னால் இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பாள். நாங்கள் பிள்ளைகள் காலிப் பெட்டிகளை அடுக்கி வீடு கட்டி, திட்டு வாங்குவோம்.

நாங்கள் வளர்ந்த பிறகு பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே கொண்டுபோனார்கள். ஜனமும் அதன் பின்னாலேயே போய்விட்டது. அங்கே பெரிய செருப்பு ஷோரூம் ஒன்று, கண்ணாடியும் ஏசியுமாக வந்தது. முதலில் மூடியது நெட்டைதான். மூடியவர் அந்த ஷோரூமிலேயே சீருடை போட்டு விற்பனையாளராகச் சேர்ந்தார். சித்தப்பா அசையவில்லை. கட்டடத்துக்காரர் இடத்தைக் காலி செய்யச் சொல்லிக் கேட்டபடி இருந்தார்.

"எதுக்கு இப்படி ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும்? குடுத்துட்டு வீட்டுல இருக்கலாம்ல?" என்பாள் சித்தி.

"என் பேரைக் கேட்டு ஆள் வருது. போன வாரம்கூட ஒரு நர்ஸம்மா, ஒரு டிரைவர் தம்பி, சின்னக் கால் டீச்சர் ஒருத்தர்னு தேடிக்கிட்டு வந்தாங்க. வியாபாரம் ஓடலைன்னு எவன் சொன்னான்?" என்பார். அந்த ஒரு பெருமையில்தான் தினமும் ஷட்டரைத் தூக்கினார்.

கட்டடத்துக்காரர் முடிவைக் கேட்டு நெருக்கிய நாட்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கடையில் இருந்தேன். ஒருவர் மகளோடு வந்து அவளுக்குக் கறுப்பு ஷூ கேட்டார். அந்த சைஸ் இல்லை.

"உக்காருங்க, உள்ள இருக்கு" என்றார் சித்தப்பா. சித்தியை அவர்களோடு பேச்சுக்கொடுக்க வைத்துவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பின்கதவு வழியாக வெளியே வந்து என் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டார். "ஷோரூமுக்கு விடுடா."

அங்கே நெட்டை எங்களைப் பார்த்ததும் விறைத்துக்கொண்டார். "என்ன சார் வேணும்?" என்றார். சித்தப்பா சைஸைச் சொன்னதும் அவர் முகம் என்னவோ போலானது. சிரிப்பா, திருட்டுமுழியா, எனக்குப் புரியவில்லை. பேசாமல் எடுத்துவந்து கொடுத்தார். சித்தப்பா முழு விலை கொடுத்து வாங்கி, பெட்டியை வாசலிலேயே எறிந்துவிட்டு ஷூவை மட்டும் கொண்டுவந்தார்.

ஷூ சிறுமிக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அவள் அப்பா சந்தோஷப்பட்டார். "ஷோரூம்ல கேட்டுட்டுதான் வரோம். அங்க உயரமா ஒருத்தர், எங்ககிட்ட இல்லைங்க, பழைய கடைவீதிக்குப் போங்க, அந்த அண்ணன் கடையில கண்டிப்பா இருக்கும்னு சொன்னார். நல்ல மனுஷன், வழிகூடச் சொல்லி அனுப்பினார்."

சித்தப்பா சிரித்த முகத்தோடு அவர்களை வாசல் வரை அனுப்பிவிட்டு வந்து, ஷூ போட்டுப் பார்க்கிற முக்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப அந்த நர்ஸம்மா?" என்று என்னைக் கேட்டார். "அந்த டிரைவர் தம்பி? சின்னக் கால் டீச்சர்?"

 

போனை எடுத்து நெட்டையைக் கூப்பிட்டார். "இனிமே ஒருத்தரையும் இங்க அனுப்பாதே. அங்க தெரிஞ்சா உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"உங்ககிட்ட அந்த சைஸ்கூட இல்லாம என்ன கடை நடத்தறீங்க அண்ணே?" என்றார் நெட்டை. குரல் உடைந்திருந்தது.

"நடத்தலை. மூடறேன்."

அன்றே கட்டடத்துக்காரருக்குச் சம்மதம் சொல்லி அனுப்பினார். சித்தி அழுதாள். அவ்வளவு நாள் மூடச்சொல்லி நச்சரித்தவள்தான்.

"திடீர்னு ஏன் மூடறீங்கன்னு நாலு பேர் கேப்பாங்களே, என்ன சொல்றது?" என்றாள்.

சித்தப்பா எழுந்து போய்ப் பின்கதவைத் தாழிட்டார்.

"நெட்டை பேச்சை எடுக்காதே. வியாபாரம் ஓடலைன்னு சொல்லு."