புதன்கிழமை விபூதி

என் மாமா ஓர் ஏமாற்றுக்காரர். இதை அவர் முதுகுக்குப் பின்னால் சொல்லவில்லை. போன தீபாவளிக்கு அவர் முன்னால் நின்றே சொன்னேன். அவர் ஆட்டிறைச்சிக் கறியில் எலும்பைத் தேடிக்கொண்டே, "அதெல்லாம் பழைய கதை மருமகளே" என்றார். பழைய கதைதான். ஆனால் அந்தக் கதையில் கெட்ட பெயர் வாங்கியது நான். அதுவும் எட்டு வயதில். அதனால் எனக்கு இன்னும் அது பழையதாகவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மடுல்சீமைப் பக்கத்தில் நாங்கள் வேலை செய்த தேயிலைத் தோட்டம். அங்கிருந்து பதுளைக்கு மரக்கறி ஏற்றிப்போகும் லொறியை மாமா ஓட்டினார். வாரத்தில் பாதி நாள் அவருக்குப் பகல் சாப்பாடு பதுளையில்தான். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்களுக்குப் பதுளை என்றால் ஆஸ்பத்திரி, அரசாங்கக் கச்சேரி, புடவைக் கடை. மாமாவுக்குப் பதுளை என்றால் சாப்பாட்டுக் கடைகள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள கடையில் ரோல்ஸைக் காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும், பகலுக்கு மேல் அது ரோல்ஸ் இல்லை, வெறும் மாவுக் கட்டை என்பார். கொத்து ரொட்டிக்கு முஸ்லிம் நானா கடை. ஆனால் கொத்துப் போடும் ஆள் லீவில் போயிருந்தால் அந்தத் தெருவுக்கே போகக்கூடாது. தோசைக்குச் சைவக் கடை, அங்கே சாம்பாரைக் கேள், சட்னியைக் கேட்காதே. சிங்கள அம்மா ஒருவர் வீட்டு முன்னறையில் நடத்திய கடையில் பலாக்காய்க் கறி இருக்கும். அதைச் சொல்லும்போது மட்டும் மாமாவின் குரல் தணிந்துவிடும், ஏதோ சாமியைப் பற்றிச் சொல்வது போல.

இப்போது என் பிள்ளைகள் போனில் நட்சத்திரம் எண்ணிக் கடை தேடுகிறார்கள். நாலரை நட்சத்திரம் என்று ஓடிப்போய், வெந்ததும் வேகாததுமாய்த் தின்றுவிட்டு வருகிறார்கள். மாமா கடை வாசலில் ஒரு நிமிடம் நிற்பார். மூக்கை ஒரு தடவை உறிஞ்சுவார். உள்ளே போவார், அல்லது திரும்பி நடப்பார். அவ்வளவுதான். ஒரு தடவையும் தவறியதில்லை. இதற்காக மட்டும் அவரை மன்னிக்கலாமா என்று சில நாட்கள் யோசித்ததுண்டு.

சம்பளம் போட்ட வாரத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவையும் என்னையும் லொறியில் ஏற்றிப் பதுளைக்குக் கூட்டிப்போவார். முதல் தடவை போன கடையில், நாங்கள் எதையும் கேட்பதற்கு முன்பே ஒரு தட்டு நிறைய ரோல்ஸும் வடையும் பனிசும் கொண்டுவந்து வைத்தார்கள். நமக்கு இவ்வளவு மரியாதையா என்று அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தட்டிலேயே விட்டுவிடலாம் என்று மாமா விளக்குவதற்குள், அம்மா பாதித் தட்டைக் கைலேஞ்சியில் முடிந்து மடியில் வைத்துவிட்டாள். "அக்கா, அது நமக்குக் குடுத்தது இல்ல, காட்டுனது" என்றார் மாமா. அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்ததும், கடைப் பையன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு சிரித்ததும் இன்றைக்கும் நினைவிருக்கிறது.

அப்பா மட்டும் வரமாட்டார். வீட்டில் அடுப்பு எரியாதவன்தான் கடையில் சாப்பிடுவான் என்பது அவருடைய கட்சி. அவர் தோட்டத்து மாரியம்மன் கோயில் தலைவர். காமன் கூத்து முதல் தேர்த் திருவிழா வரை அவர் சொன்னால்தான் நடக்கும். நான்கு பேர் பார்க்கிற இடத்தில் இருப்பதால் நான்கு பேரைப் பார்த்தே நடந்தார்.

இப்போது சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தங்கை. தாய் தகப்பன் இல்லாததால் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். அவளுக்குக் கல்யாணம் பேசும் பொறுப்பு அப்பாவுடையது. பதுளையில் ஒரு புடவைக் கடையில் வேலை, அங்கேயே தங்கல், லீவுக்கு வீடு. புடவைக் கடைக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. அங்கே சமைத்தவரையே சித்தி கட்டிக்கொள்ள விரும்பினாள். அவர் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். அம்மாவுக்கும் மாமாவுக்கும் இது தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

அப்பா லுணுகலையில் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். சித்திரை பிறந்ததும் அவர்கள் வருவதாகப் பேச்சு. சித்தி அடுப்படியில் அம்மாவிடம், "வரட்டும்க்கா. வந்தவரு என் மொகத்தப் பாக்கமாட்டாரு, நான் ஓடுற ஓட்டத்துல என் முதுகத்தான் பாப்பாரு" என்றாள். அம்மா அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு இருவரும் அழுதார்கள். புகை என்று என்னிடம் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

கோயில் தலைவர் வீட்டிலிருந்து வேதக்கார வீட்டுக்குப் பெண் கொடுப்பது நடக்கிற காரியமா? நேராகக் கேட்டிருந்தால் அப்பா மறுத்திருப்பார், லுணுகலைக்காரர்களை அடுத்த நாளே வரச் சொல்லியிருப்பார். மாமா நேராகக் கேட்கவில்லை. மாசி மாதம் வரை பொறுத்திருந்தார்.

அப்பாவுக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் கண் கிளினிக் இருந்தது. அந்தத் தடவை திகதி ஒரு புதன்கிழமையில் விழுந்தது. கண்ணுக்கு மருந்து விட்டால் சாயங்காலம் வரை எல்லாம் மங்கலாகத் தெரியும் என்பதால் துணைக்கு ஆள் வேண்டும். மாமா தானாக முன்வந்தார். "மருமகளும் வரட்டும், கையப் புடிச்சிக்கிட்டு நடக்க ஒதவியா இருக்கும்" என்றார். பள்ளிக்கூடம் கட் என்றதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பஸ்ஸில் போகும்போது பசறை வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். அதுவும் சந்தோஷமாகத்தான்.

மருந்து விட்டு, டாக்டர் பார்த்து, வெளியே வந்தபோது உச்சி வெயில். அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் தோளைப் பிடித்து நடந்தார். பசி வேறு. வீட்டிலிருந்து கட்டி வந்த ரொட்டியை மாமா பஸ்ஸிலேயே 'மறந்துவிட்டார்'. எவ்வளவு திறமையான மறதி என்று பாருங்கள். "வேற வழி இல்ல மச்சான், ஒரு நாளைக்கிக் கடையில சாப்பிட்டா சாமி கோவிச்சுக்காது" என்று சொல்லி, எந்த வாசலிலும் நின்று மோந்து பார்க்காமல் ஒரே கடைக்கு நேராகக் கூட்டிப்போனார்.

"பாப்பா, கடை எப்பிடி இருக்கு?" என்று அப்பா கேட்டார்.

"சுத்தமா இருக்குப்பா."

"சாமி படம் இருக்கா?"

"புத்தர் இருக்காருப்பா. கலர் லைட் போட்டிருக்காங்க."

"மொதலாளி சிங்கள ஆளு மச்சான். சமைக்கிறது நம்ம ஆளு" என்றார் மாமா.

அந்த நம்ம ஆள் வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட சாரம். "வாங்க, வாங்க, ஒக்காருங்க" என்று தண்ணீர் வைத்தார். பாதித் தண்ணீர் மேசையில் சிந்தியது. ஒரு கிளாஸ் தண்ணீர் வைக்க இந்த ஆளுக்கு இவ்வளவு பயமா என்று நினைத்தேன்.

"தம்பி எந்தத் தோட்டம்?" என்றார் அப்பா. எங்கள் ஆட்கள் யாரையும் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.

"பெரகல பக்கமுங்க."

"பேரு?"

"ராஜாங்க."

மாமாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. முழுப் பெயர் அந்தோனி ராஜா என்பதும், முன்பாதியை மாமா சொல்லியே அவர் விழுங்கினார் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

சிவப்பரிசிச் சோறு வந்தது. பருப்பு, பூசணிக்காய், கத்தரிக்காய் மோஜு, பிஞ்சுப் பலாக்காய்க் கறி, கோழிக் குழம்பு, மேலே அப்பளம். எனக்கு மட்டும் தனியாக ஒரு ரோல்ஸ். அப்பா முதல் பிடியை வாயில் வைத்ததும் மெல்லுவதை நிறுத்தினார். பிறகு வேகமாக மென்றார். தட்டைத் தடவிப் பார்த்து, மறுபடியும் சோறு போடச் சொன்னார். பலாக்காயை மூன்று தடவை கேட்டார். எங்கள் வீட்டில் அம்மாவிடம் எதையும் அவர் மறுபடி கேட்டு நான் பார்த்ததில்லை.

"யாரு சமையல்?"

"நான்தாங்க."

"நீங்களும் ஒக்காந்து ஒரு வாய் சாப்பிடுங்க தம்பி. வேர்த்து ஊத்துது."

"இல்லைங்க, இன்னைக்கி வெரதம்."

"புதங்கெழமையில என்ன வெரதம்?"

மாமா குறுக்கே பாய்ந்தார். "நாப்பது நாள் வெரதம் மச்சான். இன்னைக்கித்தான் ஆரம்பம்."

"நாப்பது நாளா? ஐயப்பனுக்கா?"

"சாமிக்கித்தான்" என்றார் மாமா. பொய்யில்லை பாருங்கள். அந்த மனிதர் வாயிலிருந்து அன்று முழுவதும் ஒரு பொய்கூட வரவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

அப்போது அப்பா என் பக்கம் சாய்ந்தார். ரகசியம் கேட்பவர் போலச் சாய்ந்தாரே தவிர, குரல் கல்லாவரைக்கும் கேட்டது. "பாப்பா, அந்தத் தம்பி நெத்தியில என்னமோ தெரியிதே. என்னா அது?"

பார்த்தேன். சாம்பல் நிறத்தில் இருந்தது. மூன்று கோடு இல்லை. மேலிருந்து கீழே ஒன்று, குறுக்கே ஒன்று, வியர்வையில் கலைந்து திட்டாக இருந்தது. அவசரத்தில் பூசியிருப்பார் என்று நினைத்தேன்.

"விபூதிப்பா" என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"விபூதிதாம்பா. நெறையப் பூசியிருக்காரு."

"பிள்ள பொய் சொல்லுமா மச்சான்?" என்றார் மாமா.

அந்த வாக்கியத்தைத்தான் நான் அவருக்கு இன்றுவரை மன்னிக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மாமா, அந்தத் தம்பியைச் சித்திக்குக் கேட்டுப் பார்க்கலாமா என்று அப்பாவிடம் போட்டு வைத்தார். வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவிடம், "விபூதியும் வெரதமுமா இருக்கான். கையில நல்ல தொழிலும் இருக்கு. லுணுகலைக்கி வேணாமுன்னு சொல்லி அனுப்பிரலாம்" என்றார். அடுத்த லீவுக்கு வந்த சித்தி எனக்குத் தலை பின்னிவிட்டு, காரணமே இல்லாமல் கன்னத்தைக் கிள்ளினாள்.

பங்குனியில் மாப்பிள்ளை வீட்டார் பரிசம் போட வந்தார்கள். கோயில் கமிட்டி ஆட்கள் எல்லாரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்து முக்காட்டை விலக்கினார். கழுத்தில் சிலுவை. கமிட்டிக்காரர் ஒருவர், "என்னா தலைவரே இது?" என்றார்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "விபூதி பூசியிருந்தாரு. என் மகதான் பாத்துச் சொல்லிச்சு. எனக்கு அன்னைக்கிக் கண்ணு தெரியாது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா மெதுவாக, "அது விபூதிப் புதன்ங்க. தவக்காலத்து மொத நாளு. எங்க கோயில்ல ஃபாதர் பூசி விடுறது" என்றார்.

"அப்ப விபூதிதானே?" என்றார் அப்பா. "நானும் வாக்குக் குடுத்தாச்சு. சின்னப் பிள்ள தெரியாமச் சொன்னதுக்காக நான் வாக்கு மாற முடியுமா?"

கோயில் தலைவர் வாக்கு மாறலாம் என்று எந்தக் கமிட்டிக்காரர் சொல்வார்? வெற்றிலைத் தட்டு மாறியது. சித்தி பெரகலப் பக்கம் ஒரு சின்ன ஆலயத்தில் வெள்ளைச் சேலையில் நின்றாள். அப்பா செருப்பை வாசலில் கழற்றிவிட்டு முதல் வரிசையில் நின்றார்.

எனக்கு மட்டும் 'விபூதிக்கண்ணி' என்று பெயர் விழுந்தது. லயத்தில் யார் எதைத் தொலைத்தாலும், "விபூதிக்கண்ணியப் பாக்கச் சொல்லு" என்பார்கள். பள்ளிக்கூடம் வரை அந்தப் பெயர் வந்தது. சித்தியின் கல்யாணத்தை நான்தான் கெடுத்தேனா, நடத்தினேனா என்று தெரியாமல் எத்தனையோ நாள் போர்வைக்குள் அழுதிருக்கிறேன். மாமாவோ ஒவ்வொரு விசேஷத்திலும், "மச்சானையே ஏமாத்துன ஆளு நானு" என்று நெஞ்சைத் தட்டிக்கொள்வார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலையை மென்றுகொண்டிருப்பார்.

வளர்ந்த பிறகு ஒரு மாசி மாதப் புதன்கிழமை விடியக்காலையில் நான் தோட்டத்தில் நின்றேன். எங்கள் லயத்திலேயே மூன்றாவது வீடு வேதக்கார வீடு. அந்த வீட்டு அக்கா பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு பெரட்டுக் களத்துக்கு வந்தார், அன்றைய வேலைக்குப் பேர் பதிந்துகொண்டு கொழுந்து எடுக்க மலைக்கு ஏறினார். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் வருவாராம். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்தில் அது வியர்வையில் அழிந்துபோயிருக்கும், அதனால் நான் பார்த்ததில்லை. ஆனால் அப்பா அந்தப் பெரட்டில் முப்பது வருஷம் நின்றவர். ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் தை மாதத்திலேயே கழற்றிவிடுவார்கள் என்பதும் கோயில் தலைவருக்குத் தெரியாததா?

அன்று அந்தக் கடையில் அப்பாவுக்குக் கண் தேவைப்படவில்லை. சாட்சி தேவைப்பட்டது. எட்டு வயதில் எனக்கு அது எப்படித் தெரியும்?

அடுத்த மாதம் சித்தியின் மகளுக்குக் கல்யாணம். பதுளையில் மண்டபம், சித்தப்பாதான் சமையல். கமிட்டி ஆட்களும் வருவார்கள், பெரகலக்காரர்களும் வருவார்கள், மைக்கும் இருக்கும். அப்பா, மாமாவை நான் பிறகு பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் எழுந்து மைக்கைப் பிடியுங்கள். அந்த விபூதி எந்தக் கோயில் விபூதி என்று உங்களுக்கு அன்றைக்கே தெரியுமா, தெரியாதா? ஒரே சொல் போதும். மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.