ஆரோக்கியத்துக்கு டிரான்ஸ்பர்

போன வாரம் ஒருவரை டிரான்ஸ்பர் செய்யப் போனேன். மனிதர் மூட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்!

நான் பிசியோதெரபிஸ்ட். பட்டியல் போடாமல் எனக்குச் சோறு இறங்காது என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். தருமபுரிக்குப் பக்கத்தில், விபத்தில் கால்கள் செயலிழந்தவர்கள் தங்கியிருக்கும் இல்லம் ஒன்று. அங்குள்ள ஊழியர்களுக்கு நான்தான் பயிற்சி கொடுத்திருந்தேன். படுக்கைப் புண் வராமல் திருப்பிப் போடுவது, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது... இப்படி மாற்றுவதற்கு எங்கள் படிப்பில் 'டிரான்ஸ்பர்' என்று பெயர். பயிற்சி பலித்ததா என்று பார்க்கத்தான் போனேன்.

இல்லத்தில் இருக்கும் ஆரோக்கியம் என்பவரை டிரான்ஸ்பர் செய்து காட்ட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தேன். அங்கே வேலை பார்க்கும் செல்வி அதை அவரிடம் அப்படியே சொல்லிவிட்டாள்: "அண்ணா, நாளைக்கு உங்களுக்கு டிரான்ஸ்பருங்க. டீச்சரம்மா வர்றாங்க."

நம் ஊரில் டிரான்ஸ்பர் என்றால் என்ன? வாத்தியாருக்கு வரும், போலீஸ்காரருக்கு வரும். வந்தால் பெட்டி கட்ட வேண்டியதுதானே!

ஆரோக்கியம் லாரி ஓட்டியவர். தொப்பூர் இறக்கத்தில் வண்டி கவிழ்ந்ததிலிருந்து கால்கள் அசைவதில்லை. வீடு பாப்பாரப்பட்டிப் பக்கம். மனைவி லூர்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வந்து பார்த்துவிட்டுப் போவார். கூட்டிப் போக ஆசைதான். "ஒத்தப் பொம்பள, எப்பிடிங்க தூக்குவேன்?" என்பார்.

நான் போனபோது ஆரோக்கியம் முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கட்டில் ஓரத்தில் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். செல்வியும் இன்னொரு ஊழியனான மாதையனும் வேலையைக் காட்டினார்கள். நாற்காலிக்குப் பிரேக். முட்டியை மடக்கி, முதுகை நேராக வைத்து... குலுங்காமல் தூக்கி உட்கார வைத்தார்கள். என் பட்டியலில் எல்லாவற்றுக்கும் டிக்!

ஆரோக்கியம் வாசலைப் பார்த்தார். "வண்டி எங்கீங்க நிக்குது?"

"எந்த வண்டிங்கண்ணா?" என்றாள் செல்வி.

"வூட்டுக்குப் போற வண்டி. டிரான்ஸ்பருன்னு சொன்னியே புள்ள?"

மாதையன் சிரித்துவிட்டான். "கட்டில்ல இருந்து சேருக்குத்தாண்ணா டிரான்ஸ்பரு. ஆர்டரு அவ்ளோதான்!"

செல்வி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். ஆரோக்கியமும் சிரித்தார். "அதானே... லாரிக்காரனுக்கு எவன் டிரான்ஸ்பர் போடுவான்?" பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எங்க வயல்ல ராகி கதிர் விட்டிருக்குங்க இந்நேரம். குருவி ஓட்டறதுக்குக் காலு எதுக்குங்க? வாயி போதுமே."

இதற்கு என் பட்டியலில் எங்கே டிக் போடுவது?

அப்போதுதான் ஒன்று உறைத்தது. "இவரைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தது யார்?"

செல்வி மாதையனைப் பார்த்தாள். மாதையன் செல்வியைப் பார்த்தான்.

"நானேதானுங்க," என்றார் ஆரோக்கியம். "கையூணி கையூணி நகந்து வந்தேன். வண்டி போயிருமேன்னு."

"இத்தனை நாளாக ஏன் செய்யவில்லை?"

"நாங்க எங்கீங்க விட்டோம்?" என்றாள் செல்வி. "'சும்மா இருங்கண்ணா'ன்னு தூக்கிருவோம்."

பிரியமாகத் தூக்குகிறார்கள், பிசகில்லாமல் தூக்குகிறார்கள். ஆனால், தூக்க ஆள் இருக்கும் இடத்திலேயே ஒருவர் தங்கிவிடுவதற்கா இவ்வளவு பயிற்சி?

கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே வழுவழுப்பான பலகை ஒன்றைப் போட்டால், பழகப் பழக அவரே நகர்ந்துவிடலாம். லாரி ஸ்டியரிங் பிடித்த கை அது! அன்றே பலகை போட்டோம். அவர் வியர்த்துக்கொண்டு பாதி தூரம் நகர்ந்தார். பக்கத்தில் கைகட்டி நின்ற மாதையனுக்கு அவரைவிட அதிகமாக வியர்த்தது. "தூக்கறதே தேவலாமுங்க டீச்சரம்மா!"

பாப்பாரப்பட்டி பஸ் கண்டக்டரிடம் லூர்துவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்: 'தூக்க வேண்டாம். பக்கத்தில் நிற்கக் கற்றுக்கொண்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் சீக்கிரம் வரவும்.'

கிளம்பும்போது செல்வி மூட்டையை அவிழ்க்கப் போனாள். "இருக்கட்டும் புள்ள," என்று அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

பயிற்சி பலித்ததா இல்லையா என்பது, அந்த மூட்டை எந்த வீட்டில் அவிழ்கிறது என்பதைப் பொறுத்தது.