கெட்டிமேளத்துக்கு ஒரு சீனக் குழல்

அத்தானின் இறுதிப் பூசையில் பங்குத்தந்தை அவரை ‘அமைதியான மனிதர்’ என்றார். பின்வரிசையில் இருந்தவர்கள் இருமுவதுபோல் பாவனை செய்து சிரிப்பை மறைத்தார்கள். அக்கா மறைக்கவில்லை. கறுப்புச் சேலையோடு முன்வரிசையில் இருந்து வாய்விட்டே சிரித்தாள். பாவம், ஃபாதர் எங்கள் நொஷாட்டல் நகரத்துக்கு மாற்றலாகி வந்து அதிக காலமில்லை.

என் அக்கா றஞ்சினியின் கணவர் அந்தோனிதாஸ் இருந்த இடத்தில் அமைதி இருந்ததில்லை. மன்னாரில் இளவயதில் அவர் கோயில் பாண்டில் கிளாரினெட் வாசித்தவர். திருவிழா வருடத்துக்கு ஒன்றுதான், சாவு அப்படியல்ல. ஆகவே அவர் வாசித்ததில் பெரும்பகுதி சவப்பெட்டிக்கு முன்னால். கலியாணப் பாட்டைக்கூடத் தன் கால்கள் சவம் சேமக்காலைக்குப் போகும் வேகத்துக்கு இழுத்துவிடும் என்று அவரே சொல்வார்.

சுவிசுக்கு வந்தபோது கிளாரினெட் கூட வரவில்லை. கோப்பை கழுவினார், சலவைச்சாலையில் நின்றார், கடைசியில் ஒரு மாடிக் குடியிருப்புக்குக் கொன்சியேர்ஜ் ஆனார். படிக்கட்டைத் துடைப்பதும், குப்பைப் பையைத் தவறான நாளில் வெளியே வைத்தவரைத் துப்பறிவதும், சத்தம் போடுகிறவர்களைப் போய் அடக்குவதும் அந்த வேலை. மூன்றாவதில் அவருக்குத் தனி விருப்பம். சத்தத்தைச் சத்தத்தால்தான் அடக்குவார்.

அந்தக் கட்டிடத்தின் அடியில் ஒரு பதுங்குகுழி இருந்தது. அணுகுண்டு விழுந்தால் குடியிருப்பவர்கள் ஒளிவதற்கென்று கட்டியது. ஒரு முழத் தடிப்பில் கொங்கிரீட் கதவு. குண்டு விழாத குறைக்கு அதைச் சீன மாணவர்களின் இசைக்குழு ஒன்றுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒருநாள் அவர்கள் கதவை மூடாமல் வாசிக்க, முதல் மாடியில் இருந்த மூதாட்டி முறையிட, அத்தான் அடக்கப் போனார்.

போனவர் திரும்பி வரவில்லை. அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு இறங்கிப் பார்த்தபோது, துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு ஒரு ட்ரம் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். எதிரே வெய்லிங் என்ற பெண் குஜெங் வாசித்துக்கொண்டிருந்தாள். குஜெங் என்பது ஆள் நீளப் பலகையில் வரிசையாகத் தந்தி கட்டிய பழைய வாத்தியம். வலக்கை மீட்ட, இடக்கை தந்தியை அழுத்திச் சுரத்தை வளைக்கும். அவளுக்குப் பக்கத்தில் ஒருவன் கிட்டாரும் மற்றவன் ட்ரம்ஸும் வாசித்தார்கள். பாட்டு சீனத்துப் புதுப் பாட்டு, இளசுகள் தொலைபேசியில் கேட்கும் வகை.

“இது மோகனம்தானே,” என்றாள் அக்கா. அவள் சங்கீதம் படித்தவள்.

அன்றிலிருந்து அத்தான் வெய்லிங்கிடம் உங்கள் பாட்டெல்லாம் எங்கள் மோகனம் என்று சொல்லிக்கொண்டே திரிந்தார். உங்கள் பாட்டெல்லாம் படிக்கட்டில் ஏறி ஏறிச் சறுக்கி விழுகிறவன் போல இருக்கிறது என்று அவள் பதிலுக்குச் சொன்னாள். இருவரும் கதைத்தது பிரெஞ்சில். இருவருக்குமே அது சரியாக வராததால் ஒருவரும் மனம் நோகவில்லை.

மூலையில் ஒரு சுவோனா கிடந்தது. நாதஸ்வரத்தைப் பாதியில் வெட்டி, அடியில் பித்தளைப் புனலைச் செருகியது போன்ற குழல். அதை ஊதியவன் படிப்பை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். அத்தான் எடுத்து ஊதினார். உள்ளே எந்த ஆட்டை அடைத்து வைத்திருக்கிறீர்கள், மெஸியோ தாஸ், என்று கேட்டாளாம் வெய்லிங். ஆடு மனிதக் குரலில் பாட ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. இதற்கிடையில் முதல் மாடி மூதாட்டி கொன்சியேர்ஜைப் பற்றிக் கொன்சியேர்ஜிடமே முறையிட்டாள். அவர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்டு, ஆவன செய்வதாக உறுதியளித்துவிட்டு, கீழே போய்க் கதவை மூடிக்கொண்டு ஊதினார்.

வெய்லிங்கின் அம்மாவுக்குச் சுவோனா என்றாலே கிராமத்து இரைச்சலாம். கலியாண ஊர்வலத்திலும் பிண ஊர்வலத்திலும் அதே குழல்தான்; தூரத்தில் கேட்டால் எது என்று விசாரித்துத்தான் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். இப்போதோ பட்டணத்துப் பிள்ளைகள் ராக்கிலும் ராப்பிலும் அதைச் சேர்த்துவிட்டார்கள். பாட்டைக் குஜெங் தண்ணீர் மாதிரித் தொடங்கி வைக்கும். வரிகளுக்கிடையில் இரண்டே தந்தியுள்ள எர்ஹு அழும். சுவோனாவைக் கடைசிவரை வெளியே விடமாட்டார்கள். விட்டபிறகு மற்ற வாத்தியங்கள் வீட்டுக்குப் போகலாம். அத்தானுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது.

சீனப் புத்தாண்டு விழாவில் அவர் மேடையேறியபோது, தொப்பையும் மீசையுமாக ஒரு தமிழர் சுவோனாவோடு வந்து நிற்பதைப் பார்த்து மாணவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு எழுந்து ஆடினார்கள். தன் வாசிப்புக்கு ஆட்கள் ஆடியதை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கதைக்கவேயில்லை. அக்காவுக்கு அவர் உடம்பைப் பற்றிப் பயம் வந்துவிட்டது.

அடுத்த வருடம் அவரது ஒரே மகள் மிஷெலுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை ஜெனுசன் சோலோதுர்ன் நகரத்துப் பிள்ளை, சைவ சமயம். தேவாலயத்தில் ஆசீர்வாதம் ஒருநாள், சோலோதுர்ன் மண்டபத்தில் தாலிகட்டு மறுநாள் என்று இரு வீட்டாரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். சண்டைக்கு அத்தான்தான் வழி செய்தார். சம்பந்தி வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே, தாலிகட்டுக்குத் தான் சுவோனா ஊதப்போவதாக அறிவித்தார். அது என்ன வாத்தியம் என்று மாப்பிள்ளையின் தாய் செல்வராணி மரியாதைக்குக் கேட்டாள். மனிதர் அதோடு நிறுத்தியிருக்கலாம். சீனர் அதைக் கலியாணத்துக்கும் ஊதுவார்கள், சாவுக்கும் ஊதுவார்கள் என்று விளக்கி, தானும் மன்னாரில் செத்த வீட்டு பாண்டில் பெயரெடுத்தவன்தான் என்று பெருமையாக முடித்தார்.

செல்வராணி கோப்பையைக் கீழே வைத்தாள்.

“அண்ணை, குறை நினைக்காதேங்கோ. செத்த வீட்டிலை ஊதின வாய் தாலி கட்டேக்கை ஊதக் கூடாது.”

“தங்கச்சி, அந்த வாயாலைதான் இப்ப உங்கட தேத்தண்ணியும் குடிக்கிறன்.”

நாதஸ்வரத்துக்குப் பாரிசிலிருந்து ஆள் வருகிறது என்று அவள் பேச்சை முடித்துவிட்டாள். காரில் திரும்பும்போது மிஷெல், அந்த அம்மாவோடு நான்தான் காலம் தள்ள வேண்டும், விடுங்கோ அப்பா என்று கெஞ்சினாள். அவர் சரி என்றார். குழலை மண்டபத்துக்குள் கொண்டுவரமாட்டேன் என்று வாக்கும் கொடுத்தார். மகளை இறக்கிவிட்ட பிறகு என்னிடம் சொன்னார்:

“வயசு காலமெல்லாம் பெட்டிக்கு முன்னாலை ஊதினனான், மச்சாள். ஒருக்கா என்ர பிள்ளைக்கு முன்னாலை ஊத ஆசைப்பட்டன். அவ்வளவுதான்.”



பாரிசிலிருந்து நாதஸ்வர வித்துவானும் தவில்காரரும் முதல்நாளே வந்து செல்வராணி வீட்டில் தங்கினார்கள். கலியாணப் பலகாரமெல்லாம் அவள் கைப்பட்டது. அவளுடைய முறுக்கைப் பற்றி அவள் சொந்தக்காரர்களே வெளியில் கதைப்பதில்லை. வித்துவானுக்கு இதை யாரும் சொல்லவில்லை. கடித்த கடியில் முன்பல் ஒன்று பாதியில் முறிந்தது. விடியும்போது மேலுதடு பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது.

மண்டபத்தில் தவில் மட்டும் தனியாக முழங்கியது. நாதஸ்வரத்தைத் தொலைபேசியில் போடலாம் என்று மாப்பிள்ளையின் தம்பி சொன்னான். லண்டனிலிருந்து வந்திருந்த அவனுடைய பெரியம்மா அதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முகூர்த்தம் நெருங்கியது. செல்வராணி பட்டுச்சேலை சரசரக்க எங்கள் பக்கம் வந்தாள். கண் தரையில் இருந்தது.

“அண்ணை, அந்தச் சாமான் கொண்டுவந்தனீங்களோ?”

“மண்டபத்துக்குள்ளை கொண்டுவரமாட்டன் எண்டு சொன்னனான். கொண்டுவரேல்லை. காருக்குள்ளை கிடக்குது.”

“எடுத்துக்கொண்டு வாங்கோ.”

“செத்த வீட்டு வாய் பறவாயில்லையோ, தங்கச்சி?”

“வாயை மூடிக்கொண்டு ஊதுங்கோ, அண்ணை.”

பெண்ணின் தகப்பன் என்ற முறையில் அவருக்கு மணவறையிலும் வேலை இருந்தது. ஐயர் சொன்னபடி நீர் வார்த்து மகளின் கையை ஜெனுசனின் கையில் கொடுத்தார். அந்த ஈரம் காயுமுன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தவில்காரருக்குப் பக்கத்தில் ஓடிப்போய் உட்கார்ந்தார். என்ன ராகம் என்று தவில்காரர் கேட்டார். மோகனம் என்றாள் அக்கா. அத்தான் ஊதத் தொடங்கியதும், மோகனத்துக்கு இப்படியும் ஒரு நோய் வருத்தம் வருமோ என்றார் தவில்காரர். ஆனால் கை விடாமல் கூடவே போனார்.

அவருக்குத் தெரிந்தது பதுங்குகுழிப் பாட்டுகள்தான். நான் கட்டிவிட்ட சேலையில் மாப்பிள்ளை வீட்டார் நடுவே இருந்த வெய்லிங் முதல் அடியிலேயே பாட்டை அடையாளம் கண்டு, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

ஐயர் கையைத் தூக்கினார். கெட்டிமேளம் எதற்கு? தாலி ஏறும் நேரத்தில் தும்மலோ அழுகையோ ஒரு கெட்ட சொல்லோ காதில் விழக்கூடாது என்பதற்கு. அன்று யாராவது தும்மியிருந்தால் தும்மியவருக்கே கேட்டிருக்காது. லண்டன் பெரியம்மா காதுக்கருவியைக் கழற்றிக் கைப்பையில் போட்டாள். பிள்ளைகள் ஆடத் தொடங்கினார்கள். பிறகு பிள்ளைகளை அடக்கப் போனவர்களும் ஆடினார்கள். அத்தான் கன்னம் இரண்டும் பந்துபோல் ஊத, கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூச்சு அறாமல் ஊதினார்.

சாப்பாட்டு நேரத்தில் செல்வராணி தன் ஆட்களிடம் எங்கள் சம்பந்தி சீனாவுக்கே போய்ப் படித்த வித்துவான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தான் மறுக்கவில்லை. மிஷெல் மாலையோடு வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்தாள்.

“தாலி கட்டேக்கை நான் அழுதனான். பாத்தனீங்களோ அப்பா?”

“இல்லை பிள்ளை. கண்ணைத் திறந்தா எனக்கும் அழுகை வந்திருக்கும். பிறகு ஆர் ஊதிறது?”

வீடியோ வந்த பிறகு தாலிகட்டும் இடத்தை அவர் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார். விருந்தாளிகள் இருந்தால் வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டிவைப்பார். வீட்டு ஆட்கள் மட்டும் என்றால் ரிமோட்டை என்னிடம் நீட்டுவார்.

“அந்தச் சத்தத்தை நிப்பாட்டு மச்சாள். அவன் ஒருத்தன் கிடந்து ஊதிறான். பிள்ளையைப் பாப்பம்.”