ரத்தப் புற்றுக் கட்டுரையும் அதைப் படித்தவர்களும்

ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவதுகூடப் பெரிய காரியமில்லை. அதை யார் படித்தார்கள் என்று விசாரிக்கப் போவதில்தான் ஆபத்து. அச்சில் பெயரைப் பார்த்த நாள் முதல் தபால்காரரை வாசலிலேயே மறித்தவர்களுக்கு என் பாடு புரியும். எழுபதுகளின் கடைசியில் சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனை டாக்டராக இருந்தேன். ரத்தப் புற்று கண்ட பதினோரு குழந்தைகளைப் பற்றிக் கட்டுரை எழுதினேன்.

ஜெர்மனி அட்டை

கட்டுரையின் பிரதி கேட்டு ஜெர்மனியிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. பரிசோதனைக் கூடத்தில் ஒருவர் விடாமல் காட்டினேன். பிறகு வேறு நாடுகளிலிருந்தும் வந்தன. தபால்காரர் காதர் பாய்க்கும் சேர்த்துப் பெருமை.

ஒருநாள் அட்டையை நீட்டிவிட்டு அவர் கேட்டார். "இத்தனை தேசத்துக்காரங்க கேக்கறாங்களே டாக்டரம்மா, அந்தப் புள்ளைங்களுக்கெல்லாம் கொணமாயிருச்சுங்களா?"

இரண்டே மேற்கோள்

எந்தக் கட்டுரையை எவர் மேற்கோள் காட்டினார் என்று பட்டியலிடும் தடித்த புத்தகம் மெட்ராஸ் நூலகத்தில் இருந்தது. ரயிலேறிப் போய்த் தேடினேன். என் பெயருக்குக் கீழே இரண்டு மேற்கோள். ஒன்று நானே என் அடுத்த கட்டுரையில் காட்டியது.

மற்றதை எடுத்து நின்றபடியே படித்தேன். சிகிச்சைக்கு வருவதை நிறுத்திய குழந்தைகள் எல்லாம் இறந்துவிட்டதாக இந்த டாக்டர் கணக்கிட்டிருக்கிறார், இவர் முடிவுகளை நம்புவதற்கில்லை என்று ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதியிருந்தார். அவர் சொன்னது உண்மை. ஐந்து குழந்தைகளை நான் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

திரும்பி வந்து துறைத் தலைவரிடம் சொன்னேன். அவர் எழுந்து கை குலுக்கினார். "திட்டினா என்னம்மா? பேரை எழுத்துப் பிசகாமப் போட்டிருக்கானில்ல? மேற்கோள்னா மேற்கோள்தான்."

வெண்ணந்தூர்

தூக்கம் பிடிக்கவில்லை. ஐந்து முகவரிகளையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறினேன். முதலில் வெண்ணந்தூரில் ஒரு நெசவாளர் வீடு. வாசலில் பத்து வயதுப் பெண் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். தங்கையாக இருக்கும் என்று நினைத்து, "உங்க அக்கா செல்வி எப்பம்மா தவறிப்போனா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அக்கால்லாம் இல்லீங்க. நாந்தானுங்க செல்வி."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். தாய் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். பெங்களூரில் தன் தம்பி வீட்டில் தங்கி, அங்கே மூன்று வருஷம் மருந்தை விடாமல் கொடுத்தார்களாம். கட்டுரையில் என்ன எழுதியிருந்தேன் என்று ஒப்புக்கொண்டேன். அடிக்க வருவார் என்றே எதிர்பார்த்தேன்.

மகளை இழுத்து என் முன்னால் நிறுத்தினார். "நல்லாப் பாத்துக்கோங்க. ஊட்டுக்குப் போன ஒடனே அதைய அடிச்சுட்டு மறுபடி எழுதுங்க சாமி."

மோகனூர்

அந்தத் தெம்பில் அடுத்த வாரம் மோகனூர் போனேன். கரும்பு விவசாயி ஒருவரின் மகன். உயிரோடு இருப்பான் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை. ஆஸ்பத்திரியை விட்டுப் போன நாலாவது மாதமே இறந்திருந்தான்.

தகப்பனார் கட்டுரையைக் கையில் வாங்கினார். "எம்பையன் எங்கீங்க இருக்கறான்?" பெயர் போடமாட்டோம் என்று சொல்லி, அட்டவணையில் நாலாவது வரிசையைக் காட்டினேன். அதன்மேல் விரலை வைத்தார். எடுக்கவில்லை.

"இதையப் படிச்ச வெளிநாட்டு டாக்டருங்க, இவனுக்கு என்ன செஞ்சிருந்தா பொழைச்சிருப்பான்னு சொன்னாங்களா?"

அதற்கு வெளிநாட்டு டாக்டர் தேவையில்லை, எனக்கே தெரியும். ஊசி மருந்து இருப்பு தீர்ந்ததும் நாங்கள்தான் சிகிச்சையை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினோம், இன்னும் இரண்டு வருஷமாவது கொடுத்திருக்க வேண்டும் என்றேன். மருந்து தீர்ந்ததை எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன் என்று கேட்டார். எழுதவில்லை என்றேன்.

காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "அதைய மொதல்ல எழுதுங்க டாக்டரம்மா. மத்ததெல்லாம் அப்பறம் எழுதிக்கலாம்."

எழுதினேன், அந்தப் புதிய கட்டுரையை இதுவரை ஒருவர்கூட மேற்கோள் காட்டவில்லை, ஆனால் மருந்துக் கிடங்கு அதிகாரி ஒருவர் படித்துவிட்டு ஊசி மருந்தை நிறுத்தாமல் அனுப்பத் தொடங்கியதால், உலக அறிவியலில் என் தாக்கம் சரியாக ஓர் ஆள்.