நீடாமங்கலம் செபாஸ்டியனும் வளைந்த இறக்கையும்

கஜா புயல் தென்னைகளைச் சாய்த்துப் போட்டதே, அதற்கு அடுத்து வந்த தை அறுவடையில்தான் செபாஸ்டியன் எனக்குப் பழக்கமானார். நீடாமங்கலத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். போன செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டார் என்று போன் வந்தது. நான் நம்பவில்லை. நேரில் போய் முகத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். எனக்கு எழுத்துத் தெரியாது. அவரைப் பற்றி அச்சில் போட, நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள். இரண்டு தரம் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

டிராக்டரில் மாட்டி நெல் தூற்றும் பெரிய விசிறி ஒன்றை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். சூசையின் களத்தில் அது ஓடிக்கொண்டிருந்தபோது, நெல் கொட்டிய அஞ்சலைக்கு இரண்டு விரல் போயிற்று. அன்று காலையில்தான் சூசை, குவைத்தில் இருக்கும் மகனுக்கு அனுப்ப, விசிறி ஓடுவதைப் போனில் படம் எடுத்திருந்தார். படத்தில் இறக்கைகள் அரிவாள் மாதிரி வளைந்திருந்தன.

"வளைஞ்ச இறக்கையைப் போட்டு ஓட்டியிருக்கேய்யா! இதை போலீஸ்ல குடுக்கிறேன்" என்று சூசை பாய்ந்தார்.

"நேராத்தானே இருக்கு, பாருங்க" என்று நின்றிருந்த விசிறியைக் காட்டினேன்.

"மாத்திப்புட்டு வந்து காட்டுறியா?"

படத்தைப் பெரிதாக்கித் தர சூசைதான் செபாஸ்டியனை அழைத்து வந்தார். இருவரும் ஒரே மாதா கோயில்காரர்கள். என் பிழைப்பு முடிந்தது என்றே நினைத்தேன். கட்டுப் போட்ட கையோடு அஞ்சலையும் வந்தாள். "என் கையைப் பார்க்க ஒருத்தரும் வரல. இறக்கையைப் பார்க்க எல்லாரும் வந்துட்டீங்க."

செபாஸ்டியன் விசிறியை ஓட்டச் சொல்லித் தன் போனில் எடுத்தார். நேரான இறக்கை வளைந்து வந்தது. போனுக்குள் ஏதோ வித்தை செய்கிறார் என்று எனக்குச் சந்தேகம். முகத்திலேயே தெரிந்திருக்கும். போனை என் கையில் கொடுத்து, "நீங்களே எடுங்கண்ணே" என்றார். எடுத்தேன். அதிலும் வளைந்திருந்தது.

"நடவு ஆளுங்க வயல் முழுக்க ஒரே நேரத்துலயா நடுறாங்க? வரிசை வரிசையாத்தானே. போனும் படத்தை மேலேருந்து கீழே வரிசை வரிசையாத்தான் பிடிக்குது. கடைசி வரிசைக்கு வர்றதுக்குள்ள இறக்கை நகர்ந்துடுது. அதான் வளைஞ்ச மாதிரி தெரியுது."

சூசை போலீஸ் பேச்சை விட்டார்.

கிளம்பும்போது செபாஸ்டியன் என்னைத் தனியே அழைத்து, சூசை எடுத்த படத்தைக் காட்டினார். வைக்கோல் போரில் சாய்ந்து கிடந்தது, கை உள்ளே போகாமல் இறக்கையை மூடும் காப்பு வலை.

"ஓடுறதுதான் வளையும்ணே. நிக்கிறது வளையாது. இந்த வலையைக் கழட்டினது யாரு?"

பதர் அடைத்துக் காற்றுக் குறைகிறது என்று எங்கள் பக்கம் எல்லோருமே வலையைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுவோம். அதனால் வலையைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. அன்று கழற்றியது நான். படத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அந்தம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொல்ல மாட்டேன்."

சொல்லிவிடுவார் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அவரைக் கும்பகோணம் பஸ்ஸில் பார்த்தால்கூடப் பின்பக்கமாக இறங்கிவிடுவேன். அவர் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் இரண்டாவது தரம் கேட்கவும் இல்லை. கேட்காமல் விட்ட அந்தக் கேள்விதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது.

சூசை முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது செபாஸ்டியனும். இது அச்சில் வருமுன் நான் போய்ச் சொல்ல வேண்டும். அன்று களத்தில் நின்றவர்களில் என்னைத் தவிர மிச்சம் இருப்பவள் அஞ்சலை.