ஏலத்தில் எடுத்த மணவறை

பூட்டிய கதவுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று கேட்டால் என் சிநேகிதி எப்போதும் "தங்கம்" என்றுதான் சொல்லுவாள். நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. கதிரை இருக்கும், மெத்தை இருக்கும், பழுதான சலவை மெஷின் இருக்கும். அதில் எது விலைபோகும் என்பதைக் கதவு திறந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் கண்டுபிடித்துவிட வேண்டும். அது எனக்கு நன்றாக வரும். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

லண்டனில் வீடுகள் சின்னவை. வீட்டுக்குள் அடங்காததையெல்லாம் சனங்கள் ஸ்டோரேஜ் அறை ஒன்றை வாடகைக்கு எடுத்து அதற்குள் போட்டு வைப்பார்கள். சிலர் பிறகு வருவதே இல்லை. வாடகை கட்டாமல், கடிதங்களுக்குப் பதில் போடாமல் காணாமற் போய்விடுவார்கள். கடைசியில் நிர்வாகம் பூட்டை வெட்டி, அறையில் உள்ளதை அப்படியே ஏலம் விடும். அதைத்தான் நாங்கள் வாங்குகிறோம். லண்டனில் நாங்கள் இருக்கும் ஊருக்குப் பெயரே மிச்சம் (Mitcham). மற்றவர்கள் மிச்சம் விட்டதை வாங்கி விற்க இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது என்று என் கணவர் சொல்லிச் சிரிப்பார்.

இதற்கு முன் நான் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பகுதியை மூடியபோது பிஸ்கட் அடுக்கும் வேலை தருவதாகச் சொன்னார்கள். மீனின் கண்ணைப் பார்த்தே அது எப்போது பிடிபட்டது என்று சொல்லக்கூடியவளுக்கு பிஸ்கட் பெட்டியில் பார்க்க என்ன இருக்கிறது? விட்டுவிட்டு வந்தேன். சிநேகிதி என்னைவிட இளையவள், மன்னார்க்காரி. தமிழ்க் கடைகளுக்குச் சாமான் ஏற்றி இறக்கிய வெள்ளை வான் ஒன்று அவளிடம் இருந்தது. வான் அவளுடையது, கண் என்னுடையது என்று தொடங்கினோம். வாங்கியதை ஞாயிறு காலையில் திறந்தவெளிச் சந்தையில் பரப்பி விற்போம். அதற்காகவே அவள் சேர்ச்சில் ஞாயிறு பூசையை விட்டுச் சனி மாலைப் பூசைக்குப் போகப் பழகிக்கொண்டாள்.

எப்போதும் வென்றோம் என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை புத்தம்புதிய சப்பாத்துப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்த அறை ஒன்றைப் போட்டி போட்டு எடுத்தோம். வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால் எல்லாம் வலக்கால். கடைகளில் பார்வைக்கு வைக்கும் ஒற்றைச் சப்பாத்துகள். சிநேகிதி நடைபாதையில் குந்தியிருந்து கண்ணீர் வரச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியைப் பார்த்து ஏமாந்தது நான்தான். அதன் பிறகு பெட்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மூடிக் கட்டியிருக்கும் விதத்தைப் பார்க்கப் பழகினேன். வேண்டாத சாமானை யாரும் பக்குவமாகச் சுற்றி வைப்பதில்லை.

இப்போது இந்த ஏலங்கள் அநேகமாக ஆன்லைனில் நடக்கின்றன. ஆனால் கிழக்கு லண்டனில் பார்க்கிங் (Barking) என்ற ஊரில் ஒரு சின்ன இடத்தில் இன்னும் நேரில் நடத்துவார்கள். வாசலில் நின்று பார்க்கலாம், உள்ளே கால் வைக்கக் கூடாது. அங்கே ஒருநாள் நாலைந்து பேர்தான் வந்திருந்தோம். பூட்டை வெட்டி, இரும்புக் கதவை மேலே உருட்டியதும் முன்னால் நின்றவர் சிரித்தார். உள்ளே அழுக்கேறிய வெள்ளைத் தூண்கள், சிவப்புத் துணி மூட்டைகள், கட்டுக் கட்டாக இரும்புக் குழாய்கள். கிறிஸ்மஸ் நாடகம் போடுகிறவர்களின் மேடைச் சாமான் என்று அவர் முடிவு கட்டினார். தளபாடம் வாங்க வந்தவர்கள் திரும்பி அடுத்த கதவுக்கு நடந்தார்கள்.

"அக்கா, இது குப்பை. வாங்கோ போவம்" என்றாள் சிநேகிதி.

"பொறும். அந்த மூலையைப் பாரும்."

"என்ன, மரமோ?"

"வாழைமரம். பிளாஸ்டிக். ரெண்டு இருக்கு. குலையும் பொத்தியும் தொங்குது."

அவள் எட்டிப் பார்த்தாள். வெள்ளைக்காரர் தங்கள் அலுவலகத்தில் அழகுக்கு ஒரு செடி வைப்பார்கள். ஒரே உயரத்தில் குலை தள்ளிய வாழை இரண்டை வைக்கிறவர்கள் நாங்கள் மட்டும்தான்.

"ஐயோ அக்கா, கலியாண மணவறை!"

"மெல்லக் கதையும்" என்றேன். மெல்லக் கதைக்கத் தேவையே இருக்கவில்லை. அங்கே வேறு எவருக்கும் தமிழ் தெரியாது. இருந்தாலும் முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டேன். இரும்புக் குழாய்களுக்காக ஒருவர் கொஞ்சத் தூரம் விலையை ஏற்றிக்கொண்டு கூட வந்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு நின்றுவிட்டார். அறை எங்களுக்கு விழுந்தது.

அடுத்த நாள் முழுவதும் ஏற்றினோம். தூண்கள், கோபுரம் போன்ற மேற்பகுதி, மாப்பிள்ளைக்கும் பொம்பிளைக்கும் சிங்கக் கைப்பிடி வைத்த நாற்காலிகள், குமிழிப் பிளாஸ்டிக்கில் சுற்றிய இரண்டு பைபர் யானைகள். பழைய சேலைகளுக்குள் பித்தளைக் குத்துவிளக்குகள் இருந்தன. தூக்கிப் பார்த்த சிநேகிதி, "தங்கம் இல்லாட்டிலும் நிறம் அதுதானே" என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். ஒரு பெட்டியில் அல்பங்கள். படங்களும் சொந்தப் பத்திரங்களும் வாங்கியவருக்குச் சேராது. அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது அங்கே விதி. நான் ஒன்றையும் திறக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். உடைமைக்காரர் யார் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன்.

பகுதி பகுதியாக விற்றுவிடலாம் என்றாள் சிநேகிதி. நான் மறுத்தேன். "வித்தால் ஒருக்காத்தான் காசு. வாடகைக்கு விட்டால் ஒவ்வொரு கிழமையும் கலியாணம்."

"எங்களுக்கு இதைப் பொருத்திப் பூட்டி நிமிர்த்தத் தெரியாதே அக்கா?"

"பூட்டிப் பழகுவம்."

ஆனால் எங்கே பூட்டுவது? அவளுடைய வீட்டு வரவேற்பறையில் ஒரு யானை வைத்தாலே மற்றதுக்கு இடமில்லை. கடைசியில் அவள் போய்த் தன் பங்குச் சுவாமியாரைக் கேட்டாள். வார நாளில் சேர்ச் மண்டபம் சும்மாதான் கிடக்கிறது, எடுங்கள் என்று அவர் திறப்பைக் கொடுத்துவிட்டார். இந்து மணவறை ஒன்றை மாதா படத்துக்குக் கீழே இருவரும் பூட்டினோம். முதல் தடவை கோபுரம் ஒரு பக்கம் சரிந்தது. இரண்டாம் தடவை தூண்கள் மாறிவிட்டன. மாலையில் எல்லாம் நிமிர்ந்து நின்றபோது சுவாமியார் தேநீரோடு வந்தார். யானைகளைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, மாப்பிள்ளை நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். வாழ்க்கையில் இந்த நாற்காலி தனக்கு இவ்வளவுதான் என்று சொல்லித் தேநீரைக் குடித்தார். அன்றிரவு நான் படங்களைப் பலருக்கும் அனுப்பினேன். அந்தக் கிழமையே முதல் ஓடர் வந்தது.

அந்தக் கலியாணமும் பார்க்கிங் ஊர் மண்டபம் ஒன்றில்தான் நடந்தது. விடியற்காலை போய்ப் பூட்டி முடித்து, பூக்கள் சுற்றி, ஒதுங்கி நின்று பார்த்தோம். நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததற்குக் காரணம் நாங்கள் என்ற எண்ணமும் நன்றாக இருந்தது. விருந்தினர்கள் வரத் தொடங்கிய நேரம், கோட் போட்ட ஒருவர் மணவறைப் பக்கம் போனார். அறுபது வயதிருக்கும். இடக்காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார். படம் எடுக்கப் போகிறாராக்கும் என்று நினைத்தேன். அவர் யானையின் செவிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினார். அப்படியே நின்றார். பிறகு எங்களைத் தேடி வந்தார்.

"தங்கச்சி, இந்த மணவறை ஆருடைய?"

"எங்கட."

"எங்கை எடுத்தனீங்கள்?"

"இஞ்சைதான். ஸ்டோரேஜ் ஏலத்தில."

"அந்த யானையின்ர செவி ஒருக்கா உடைஞ்சது. ஒட்டினது நான்." குரல் உயர்ந்தது. "அது என்ர மணவறை. இந்தியாவில சொல்லிச் செய்விச்சுக் கப்பலில இறக்கினனான். என்ர சாமானை எனக்கு முன்னாலயே கொண்டுவந்து பூட்டி வைச்சிருக்கிறியள்!"

பக்கத்தில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. முதல் கலியாணத்திலேயே கள்ளிகள் என்று பெயர் எடுக்க நான் வரவில்லை. அவரை மண்டபத்துக்கு வெளியே, கார்கள் நிற்கும் இடத்துக்குக் கூட்டிப் போனேன்.

"அண்ணை, நான் களவெடுக்கேல்லை. எல்லாருக்கும் முன்னால விலை கேட்டு வாங்கினனான். அண்டைக்கு வந்த மற்ற ஆக்கள் இதைக் குப்பை எண்டுதான் சொன்னவை. நான் எடுத்திராட்டி இது இண்டைக்கு இரும்புக்கடையில கிடந்திருக்கும்."

அவர் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். உள்ளே மேளம் தொடங்கிவிட்டது. மேளச் சத்தத்துக்குள் பாதி அமுங்கிப்போன குரலில் நடந்ததைச் சொன்னார். அவரும் மனைவியுமாகத்தான் இந்தத் தொழிலைச் செய்திருக்கிறார்கள். மனைவி காலமான பிறகு அவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து மகன் நேரே பிளேஸ்டோவில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டான். ஸ்டோரேஜ் கடிதங்கள் பழைய வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. நினைவு வந்து மகனை அனுப்பியபோது எல்லாம் முடிந்திருந்தது.

"எல்லாத்தையும் கொட்டிப்போட்டாங்கள் எண்டு நினைச்சன். இண்டைக்கு உள்ளுக்கு வந்து பார்க்கிறன், நிக்குது."

அவர் அழவில்லை. நான்தான் முகத்தைத் திருப்பிக் கார்களைப் பார்த்தேன். ஆனால் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று நான் சொல்லவில்லை. அந்த எண்ணம் வந்ததையும் மறைக்க மாட்டேன். வந்தது, போனது. கையை உயர்த்தவே கஷ்டப்படுகிற மனிதர் அதை எங்கே கொண்டுபோய் வைப்பார்? இன்னொரு அறையில் பூட்டி வைப்பார். இன்னொரு ஏலத்தில் வேறு யாராவது எடுப்பார்கள்.

சிநேகிதி இதற்குள் ஒரு தட்டில் வடையும் தேநீரும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டாள். சண்டை பிடிக்க வருகிறவர்களுக்கு முதலில் சாப்பாடு கொடுப்பது அவளுடைய வழக்கம். அவர் சாப்பிட்டார். உள்ளே போய்த் தாலிகட்டு முடியும்வரை பின்வரிசையில் நின்றே பார்த்தார்.

சனம் கலைந்த பிறகு நாங்கள் கழற்றத் தொடங்கினோம். அவர் போகவில்லை. நான் நேராகக் கேட்டேன்.

"அண்ணை, எங்களோட சேருறீங்களோ? மூண்டு பங்கு. சமபங்கு."

"எனக்கு இனித் தூக்க ஏலாது."

"தூக்க நாங்கள் இருக்கிறம். உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்கள் எங்களுக்குத் தெரியாது. மண்டபக்காரர், ஐயர்மார், பூக்காரர்."

"என்ர சாமானில எனக்குப் பங்கு தாறியள்?"

"ஓம். இப்ப எங்கட சாமான். அதில உங்களுக்குப் பங்கு தாறம்."

சிநேகிதி என் கையைக் கிள்ளினாள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். "உம்மட வாய்க்கு வியாபாரம் நல்லா வரும்" என்று சொல்லிவிட்டு, மகனைக் கேட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும் என்றார். மறுநாள் நான் முகம் கழுவ முன்னமே தொலைபேசி அடித்தது. "மகன் இன்னும் எழும்பேல்லை. நான் எப்ப வரட்டும்?"

முதல் வேலையாக அவரை அந்த ஸ்டோரேஜ் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். அல்பங்களை ஒரு அலுமாரியில் போட்டு வைத்திருந்தார்கள். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். வானுக்குள் இருந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒவ்வொரு படத்துக்கும் எந்த மண்டபம், எப்படிப்பட்ட ஆட்கள், யார் சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்று கதை சொன்னார். ஒரு படத்தில் ஏணியில் நின்று தூணுக்குப் பூச் சுற்றும் பெண் ஒருத்தி, கமராவைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தாள். அதை மட்டும் உருவிச் சட்டைப் பைக்குள் வைத்தார். மற்றதையெல்லாம் என்னிடம் நீட்டி, "இதைக் காட்டித்தான் வேலை பிடிக்கிறது. வடிவா வைச்சிரும்" என்றார்.

அது சரியாகத்தான் இருந்தது. அல்பத்தைப் பார்த்த தாய்மார் கேள்வி கேட்பதை நிறுத்தினார்கள். அடுத்த கோடைக்குள் சனி ஞாயிறுகள் நிறைந்துவிட்டன. வானின் முன் இருக்கை இப்போது அவருடையது. எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும் என்று சிநேகிதிக்கு வழி சொல்லுவார். இருபது வருடமாக இந்த நகரத்தில் வான் ஓட்டுகிறவள் பல்லைக் கடித்துக்கொண்டு, தான் நினைத்த வழியிலேயே போவாள். புதிதாகப் பூச்சுவர் வேண்டும், வெளிச்சம் மாறும் விளக்குகள் வேண்டும் என்று அவர்தான் அரித்தார். வாங்கினோம். பெரியவளான பிள்ளைகளின் சாமத்தியச் சடங்குகளுக்கு அவற்றைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.

ஏலங்களுக்கு நான் இன்னும் போகிறேன். அவர் வருவதில்லை. அந்தக் கதவு மேலே உருளும் சத்தத்தைத் தன்னால் கேட்க ஏலாது என்றார். அதற்கு மேல் நான் கூப்பிடவில்லை. பிறர் இழந்ததில் பிழைப்பது உறுத்தவில்லையா என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் வாங்காவிட்டால் அது அவர்களிடம் திரும்பிப் போகுமா என்று கேட்பேன்.

வருகிற சனிக்கிழமை பிளேஸ்டோவில் ஒரு கலியாணம். பொம்பிளையின் தகப்பன் கடுமையான ஆள், எல்லாம் நேரத்துக்கு நடக்க வேண்டும் என்று இரண்டு தரம் போன் பண்ணிவிட்டார். காலை ஆறு மணிக்கு மண்டபம் திறப்பார்கள். நாங்கள் அதற்கு முன்னமே வாசலில் நிற்போம்.